மூன்று முறை கேட்டார்கள்

அந்த வருடம் மழைக்காலம் முழுவதும் நான் பாலைவனத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

பர்மாவில், அலோன் துறைமுகத்தை ஒட்டி எங்கள் வீடு, நான்காவது மாடியில். பால்கனியில் நின்றால் துறைமுகக் கிடங்குகளின் தகரக் கூரைகளும், அவற்றுக்கு அப்பால் ஆற்றின் ஒரு துண்டும் தெரியும். மழை வலுத்தால் ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அக்கரையில் உள்ள டாலாவுக்குப் போகும் படகுகள் தண்ணீரில் போகின்றனவா காற்றில் போகின்றனவா என்று சொல்ல முடியாது. மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். பர்மியச் சொல்லில் மீ என்போம். தமிழ் பேசும்போதும் மீதான். மீ இருக்கும் நான்கு மணி நேரத்துக்குள் தொட்டியில் தண்ணீர் ஏற்றி, சோறு ஆக்கி, மகளின் சட்டைகளைத் தேய்த்து, போனுக்கு சார்ஜ் போட்டுவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். மற்றொரு காது மகளுக்கு. அவளுக்கு அப்போது நான்கு வயது.

நான் கேட்டது ஒரு பாடத் தொடர். அரபு உலகின் அரசியல், சமூகம், பண்பாடு என்று ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இலவசமாகப் போட்டிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பேராசிரியை மெல்லிய குரலில் பேசுவார். நான் தமிழில் குறிப்பெடுப்பேன். திருமணத்துக்கு முன் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். எதைச் செய்தாலும் நோட்டுப் போட்டு, கோடு கிழித்து, தலைப்பு எழுதினால்தான் மனம் அடங்கும்.

படித்ததற்குக் காரணம் என் கணவர். அலோன் துறையில் சரக்கு எண்ணும் எழுத்தராக இருந்தவர், மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது மஸ்கட்டில் ஒரு கிடங்கு வேலைக்குப் போனார். இரண்டு வருடத்தில் விடுமுறைக்கு வருவதாகப் பேச்சு. அதற்குள் இங்கே ஆண்கள் வேலைக்கு வெளிநாடு போவதற்குத் தடை வந்தது. படைக்கு ஆள் எடுப்பதும் தொடங்கியது. வந்தால் திரும்பிப் போக முடியாது. எங்கே போக வேண்டியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே அவர் வரவில்லை. நாங்கள் போனால்தான் உண்டு. அதற்கு அவருடைய முதலாளி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்.

மகள் அவரைப் போனில் மட்டுமே பார்த்து வளர்ந்தாள். ஒருநாள், பர்மியக் குழந்தைகள் அம்மாவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, என்னிடம் கேட்டாள்: "மேமே, அப்பாவுக்குக் கால் இருக்கா?"

நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றிரவே பாடத்தில் சேர்ந்தேன். குழந்தையைத் தெரியாத ஊருக்குக் கூட்டிப்போகிறவள் அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போகலாமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்துக்குப் படிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

பேராசிரியையின் குரலில் ஏதோ இருந்தது. குலங்கள், எண்ணெய் வருவதற்கு முந்திய துறைமுகங்கள், முத்துக் குளித்தவர்கள், அரசர் தரையில் விரித்த கம்பளத்தில் அமர்ந்து குடிமக்களின் மனுக்களைக் கேட்கும் கூடம் என்று அவர் சொல்லச் சொல்ல, வெளியே மழை கொட்டும். பாதிக் கண் மூடியபடி கேட்பேன். கிடங்குகளின் கூரைகள் மணல்மேடுகளாக நெளியும். மூட்டை சுமக்கும் ஆட்கள் லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒட்டகங்களுக்குப் பின்னால் நடப்பார்கள். சிலவேளை மகள் என் மடியில் தூங்கிப்போய், நானும் தூங்கிப்போய், மீ போன பிறகும் அந்தக் குரல் இருட்டில் பேசிக்கொண்டிருக்கும். எழுந்து பார்த்தால் நோட்டில் என் கையெழுத்து ஒரு வரியோடு சரிந்து கீழே இறங்கியிருக்கும்.

இந்நாட்டு அரசியலைப் பற்றி நாங்கள் வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். மாடிப்படியில் பேச மாட்டோம். இன்னொரு நாட்டின் அரசியலை அப்படி உட்கார்ந்து, கோடு போட்டுப் படிப்பது எனக்கு ஒரு விதமான சுகமாகக்கூட இருந்தது. அங்கே வேலைக்கு வருகிறவனுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும், அவர் அனுமதி இல்லாமல் அசைய முடியாது என்று படித்தபோது அதிர்ந்துபோனேன். அடிக்கோடு இட்டேன். அடுத்த நாள் பெகுவிலிருந்து என் சித்தி ஒரு இரவு தங்க வந்தார். அவரைப் பற்றி வார்டு அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வரிசையில் நின்றபோதுதான், யார் வீட்டில் யார் தூங்கினாலும் நாமும் எழுதித்தானே கொடுக்கிறோம் என்று உறைத்தது. பிறந்ததிலிருந்து செய்கிற காரியம். அதற்கு ஒரு தலைப்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"அரபு உலகம் என்பது ஒன்றல்ல" என்று பேராசிரியை முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தார். ஒன்றல்ல என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். அதற்குக் கீழே நூற்று நாற்பது பக்கங்கள் "அவர்கள்", "அவர்கள்" என்றே எழுதிக்கொண்டு போனேன். "அவர்களுடைய சமூகத்தில் பெண்ணின் விருப்பம் கேட்கப்படுவது குறைவு" என்று ஒரு வரி. அதற்கு நட்சத்திரக் குறியும் போட்டேன். போய் இறங்கியதும் எதற்கும் தயாராக இருக்க வேண்டுமல்லவா?

இரண்டாவது மாடியில் ஒரு அக்கா இருந்தார். தமிழ் முஸ்லிம், தையல்காரி. வேறொரு வளைகுடா நாட்டில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். என் நோட்டைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு அடங்காது.

"எத்தன பக்கம் புள்ள எழுதிட்ட?"

"நூத்தி நாப்பது, அக்கா."

"அதுல ஒரு பக்கத்துலயாவது ஒருத்தி சிரிக்கிறாளா?"

புரட்டிப் பார்த்தேன். இல்லை.

"நான் இருந்த வீட்டுல சின்ன எஜமானியம்மா சிரிச்சா பக்கத்து வீட்டு ஆடு கத்தும். அவ்ளோ சத்தம். அதே அம்மாதான் என் பாஸ்போர்ட்ட பீரோவுல வச்சுப் பூட்டினது. ஒன்பது வருஷத்துல ரெண்டு தடவதான் அதக் கண்ணால பாத்தேன். இதையும் எழுதிக்க. எழுதிட்டு, உன் வீட்டுக்காரர் இருக்கிற வீடும் இப்படித்தான்னு மட்டும் எழுதிடாத. அது எனக்குத் தெரியாது."

மழை சற்று விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கரைக்குக் கணவர் அழைத்தார். அங்கே அப்போது மதியம் இரண்டு மணி. முதலாளி தன் வீட்டில் எல்லாரையும் சாப்பிட அழைத்திருந்தார். முதலாளியின் தாயார் எங்களைப் பார்க்க விரும்புகிறார் என்றார் கணவர். கடிதத்தைப் பற்றி முடிவு சொல்லப்போவது அந்த அம்மாள்தான் என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மகளுக்கு அவசரமாகக் கன்னத்தில் தனாக்கா மரச்சாந்து பூசி, நானும் தலைசீவி, புடவைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஒரு முதிய முகம் வந்தது. கறுப்புத் துணிக்கு ஓரமெல்லாம் ஆரஞ்சுப் பூக்கள். விரல் நுனிகளில் மருதாணி பழுத்துக் கறுத்திருந்தது. என் மகளைப் பார்த்ததும் போனை மிக அருகில் கொண்டுபோனதால் கொஞ்ச நேரம் எங்களுக்கு ஒரு கண் மட்டும் தெரிந்தது. குழந்தை பயப்படவில்லை. அவளும் தன் கண்ணைத் திரையில் வைத்தாள்.

கணவர் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தார். மூன்று வருடத்தில் கற்ற அரபு. வீட்டின் பின்னால் ஒரு அறை இருக்கிறதாம். வாசலில் எலுமிச்சை மரமாம். நோன்பு மாதத்துக்கு முன் வந்துவிடலாமே, வருகிறாயா என்று அம்மாள் கேட்டார்.

"ஐயோ, வேண்டாங்க. எங்களால உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நாங்க இங்க நல்லாத்தான் இருக்கோம்," என்றேன்.

கணவர் அதைச் சொன்னார். அம்மாள் தலையாட்டினார். இரண்டாம் முறை கேட்டார். குழந்தை தகப்பனோடு இருக்க வேண்டாமா என்று.

"பரவாயில்லங்க. அவரு வேலை நல்லா நடந்தா அதுவே போதும்."

மூன்றாம் முறை அவர் குரல் மெதுவாக வந்தது. என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். கணவர் சொன்னது: "உன் மனசுல என்ன இருக்கு, அதச் சொல்லுன்னு கேக்கறாங்க."

"உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்க. எங்களுக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம்."

அவர் வலக்கையை நெஞ்சில் வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனைக் கணவரிடம் கொடுத்தார்.

பர்மியர்கள் ஆனாடெ என்பார்கள். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூசுவது. இங்கே நாலு தலைமுறை வாழ்ந்ததில் அது எங்கள் ரத்தத்திலும் கலந்துவிட்டது. கேட்டவுடன் சரி என்று சொல்கிறவள் பேராசைக்காரி. முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் வற்புறுத்த வேண்டும். மறுபடியும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கடைசியில் வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொள்வதுபோல் ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் நான்காவது கேள்விக்குக் காத்திருந்தேன்.

"நல்லா பேசினே, மா," என்றார் கணவர், அறையைவிட்டு வெளியே வந்ததும். "ரொம்ப மரியாதையா பேசினே."

எனக்கும் பெருமையாக இருந்தது. அன்று மகளுக்கு அவள் விரும்பும் ஷ்வே-யின்-எய் வாங்கிக்கொடுத்தேன். தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசி மிதக்கும் இனிப்பு. எலுமிச்சை மரத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

ஒரு வாரம் போயிற்று. மூன்று வாரம் போயிற்று. கடிதத்தைப் பற்றி முதலாளியிடம் கேட்கக் கணவருக்குக் கூச்சம். அவரிடம் கேட்க எனக்குக் கூச்சம். இரவு நேரங்களில் எனக்கு ஒரே கனவு. ஆற்றில் தண்ணீருக்குப் பதில் மணல் ஓடுகிறது, டாலா படகு அதில் சத்தமில்லாமல் போகிறது, மறுகரையில் ஒரு மரம், மரத்தடியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார். படகு கரையை நெருங்குவதற்குள் விழிப்பு வந்துவிடும்.

ஆறாவது வாரம் கணவர் அழைத்தார். முகம் வெளிறியிருந்தது.

"முதலாளிகிட்ட இன்னிக்குக் கேட்டுட்டேன். 'உன் மனைவிக்கு வர இஷ்டமில்லையே, அம்மா மூணு தடவ கேட்டாங்களே'ங்கறாரு."

"என்னது?"

"இஷ்டமில்லாத பொண்ண நாடு தாண்டி இழுத்துட்டு வர்றது பாவமாம். அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்களாம். கடிதம் குடுக்காதேன்னு."

எனக்கு முதலில் அந்த அம்மாள் மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவுகூடவா புரியாது? பிறகு கணவர் மேல் கோபம். "நீங்க சொல்லியிருக்கக் கூடாதா? அது மரியாதைக்குச் சொன்னதுன்னு?"

"நானும் மரியாதைன்னுதானே நினைச்சேன்," என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

போனை வைத்த பிறகு நோட்டை எடுத்து அந்த நட்சத்திரக் குறி போட்ட வரியைத் தேடினேன். பெண்ணின் விருப்பம் கேட்கப்படுவது குறைவு. ஒரு பெண் என்னைக் கேட்டிருக்கிறார். ஒருமுறை அல்ல, மூன்று முறை, முகத்தைப் பார்த்து. நான் சொன்ன பதிலை நம்பி, அதற்காகத் தன் மகனின் பேனாவைத் தடுத்தும் இருக்கிறார். எனக்குத்தான் அது கேள்வி என்றே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். என் திருமணத்தை நிச்சயம் செய்தபோது புடவையின் நிறத்தைக் கேட்டார்கள். கணவர் மஸ்கட் போவது முடிவான பிறகு பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எல்லாரும் என் மேல் அன்பாகத்தான் இருந்தார்கள்.

அக்காவிடம் இறங்கிப் போனேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே முழுதும் கேட்டார்.

"சரி, இப்ப நான் கேக்கறேன். உனக்குப் போகணுமா, வேண்டாமா?"

"அவருக்கு எது நல்லதோ..."

"ஏ புள்ள! மறுபடியுமா?"

தையல் மெஷினின் மேல் யாருடைய பள்ளிச் சீருடையோ கை இல்லாமல் கிடந்தது. போனால் மகள் எந்தப் பள்ளியில் படிப்பாள்? வெயில் தாங்குவாளா? என் பெற்றோர் தாகேதாவில் தனியாக இருக்கிறார்கள். எல்லாம் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், கழுவினாலும் போகாத கறைபோல, ஒரு ஆசை கிடந்தது.

"போகணும், அக்கா," என்றேன். சொன்னதும் கன்னமெல்லாம் சுட்டது.

"அத அந்தக் கிழவிகிட்ட சொல்லு. உன் வாயால. அரபியில என்ன சொல்லுவ?"

அந்தத் தொடரோடு இருந்த மொழிப் பாடத்தில் கற்ற வாக்கியத்தைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு! 'அப்கா அஜி'ன்னு சொல்லு. வரணும்னு ஆசைன்னு அர்த்தம். அவ்ளோதான். அப்புறம் பாஸ்போர்ட்டயும் கேட்டுக்க. இப்பவே கேளு. போன பிறகு கேட்டா உன்னக் கிறுக்கிம்பாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை. அதே நேரம். அம்மாள் என்னைக் கண்டதும் புன்னகைத்தார். ஆனால் விருந்தாளியைப் பார்க்கும் புன்னகை அது. கணவர் ஏதோ முன்னுரை சொல்லத் தொடங்கினார். நான் இடையில் புகுந்தேன்.

"அப்கா அஜி."

இரண்டாம் முறையும் சொன்னேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான் வேறு யாரோபோல.

அம்மாள் கேட்டதைக் கணவர் சொன்னார்: "அப்புறம் ஏன் அன்னிக்கு வேண்டாம்னேன்னு கேக்கறாங்க."

"எங்க ஊர்ல யாராவது குடுத்தா முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவோம்னு சொல்லுங்க. நீங்க இன்னொரு தடவ கேப்பீங்கன்னு நினைச்சேன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெருஞ்சிரிப்பு எழுந்தது. அம்மாளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத பெண்கள் பலர் இருந்திருக்க வேண்டும். சிரிப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிற்று.

"சோத்துக்கு அவங்களும் மூணு தடவ வேண்டாம்பாங்களாம்," என்றார் கணவர், தானும் சிரித்துக்கொண்டு. "வீட்டுக்கு அப்படிச் சொல்ல மாட்டாங்களாம். வீட்ட யாராவது குடுத்தா உடனே வாங்கிக்கணுமாம்."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "என் பாஸ்போர்ட்டும் பாப்பா பாஸ்போர்ட்டும் என்கிட்டயே இருக்குமான்னு கேளுங்க."

கணவரின் சிரிப்பு நின்றது. "இதையெல்லாம் கேக்கலாமா, மா?"

"கேளுங்க."

தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அம்மாளின் புருவம் உயர்ந்தது. அவர் சொன்ன பதில்: "அது உன் பேர் போட்டதுதானே? எனக்கு எழுத்தே தெரியாது. அத வச்சு நான் என்னத்த வாசிக்கப்போறேன்?" பிறகு திரும்பி, திரைக்கு வெளியே இருந்த தன் மகனிடம் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். மகன் ஒற்றைச் சொல்லில் பதிலளித்தார்.

"என்ன சொன்னாரு?"

"சரின்னாரு. எதுக்குச் சரின்னாருன்னு நான் கேக்கல," என்றார் கணவர்.

அன்று நோட்டில் பாடக் குறிப்பு எதுவும் எழுதவில்லை. அந்த வரியின் நட்சத்திரத்தை அடிக்கவும் இல்லை. ஒரு வீட்டில் ஒரு மூதாட்டி என்னைக் கேட்டார். இன்னொரு வீட்டில் அக்காவின் பாஸ்போர்ட் பீரோவில் கிடந்தது. இரண்டும் உண்மை. பக்கத்தின் ஓரத்தில் "தெரியாது" என்று மட்டும் எழுதினேன். வரலாற்று ஆசிரியையாக இருந்த காலத்தில் மாணவர்களை அப்படி எழுத நான் விட்டதில்லை.

கடிதம் ஒரு புதன்கிழமை மதியம் படமாகப் போனுக்கு வந்தது. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்துகள், நீல முத்திரை, கையெழுத்து. மீ இல்லாத நேரம். வெளியே மழை நின்று, கூரைகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. மகள் தரையில் படுத்து, காகிதத்தில் ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவளையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாம அப்பா இருக்கிற ஊருக்குப் போலாமா? உனக்கு இஷ்டமா?"

அவள் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது நாக்கு நுனி வெளியே வரும்.

"அங்க மீ இருக்கா?"

"இருக்கு. எப்பவும் இருக்கும். போகவே போகாது."

அந்த நேரத்தில்தான் தெருவில் மின்சாரம் வந்தது. வழக்கம்போல் கீழே, எதிரே, பக்கத்துச் சந்துகளில் எல்லாம் குழந்தைகள் "மீ லாபி!" என்று கூவினார்கள். மீ வந்துவிட்டது என்று. மகளும் துள்ளி எழுந்து பால்கனிக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு உடம்பாலும் கத்திவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"அங்க போகவே போகாதுன்னா, வந்துச்சுன்னு யாரு கத்துவாங்க?"

"யாரும் கத்த மாட்டாங்க, தங்கம்."

"அப்ப வேண்டாம்."

அவள் திரும்பவும் படுத்துப் படம் போடத் தொடங்கினாள். சற்றுப் பொறுத்து இரண்டாம் முறை கேட்டேன். வேண்டாம் என்றாள். மூன்றாம் முறை கேட்டபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு மரியாதை இன்னும் தெரியாது. அந்த வேண்டாம் வேண்டாம்தான். அதற்குள் வேறொன்றும் இல்லை.

அயர்ன் பாக்ஸ் சூடாகிவிட்டிருந்தது. நான்கு மணி நேரம்தான் இருக்கிறது. அவளுடைய சட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, மடித்து, பயணப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன்.